விமானத்தைக் குளிப்பாட்டிய நாள்

விமானத்தைக் குளிப்பாட்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்திலேயே குடியிருக்கிறேன். தலைக்கு மேல் தினமும் விமானம் போகிறது, வருகிறது. ஆயுத பூஜையன்று பஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பார்த்திருக்கிறேன். புது லாரியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பழம் நசுங்கியதும் லாரி கிளம்பிவிடும், யாரும் யாரையும் காக்க வைப்பதில்லை.

விமானத்துக்குச் செய்வது வேறு மாதிரி. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டியை நிறுத்தி வானத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் மேலே சேர்ந்து வளைவாக நிற்கும்போது அதற்கு அடியில் விமானம் மெதுவாக ஊர்ந்து வருகிறது. நீர் வணக்கம் என்று பெயராம். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கப்பலுக்குச் செய்தது, பிறகு விமானத்துக்கும் வந்துவிட்டது என்று பிற்பாடு படித்தேன். புது ஊருக்கு முதல் தடவை வருகிற விமானத்துக்குச் செய்வார்கள். ஓய்வு பெறுகிற விமானிக்குச் செய்வார்கள். நன்றாகச் செய்யட்டும். ஆனால் என் அம்மா செத்துக் கிடந்த நாளில், என் தம்பி உள்ளே உட்கார்ந்திருந்த விமானத்துக்குச் செய்தார்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

எனக்குக் கோபம் அதிகம் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் கணக்குப் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய் டீச்சர். என் காதுக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்து பல வருஷம் ஆகிறது. கோபம் உடம்புக்கு ஆகாது, விட்டுத் தள்ளு என்று அண்ணன் சொல்கிறார். எதை விடுவது, எங்கே தள்ளுவது என்று அவரிடம் கேட்டேன். 

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நடுவில் நான், கடைசியில் தம்பி. அப்பா போனபோது அண்ணன் கொள்ளி வைத்தார். எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த பிள்ளை, அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. கொள்ளி என்றால் நெருப்பு மட்டும் இல்லை, அதற்கு முன்னால் தண்ணீர் இருக்கிறது. புது மண்குடத்தில் தண்ணீர் நிறைத்து, அதைத் தோளில் வைத்துக்கொண்டு, கொள்ளி வைக்கிறவன் உடலை மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வருகிறவர் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார். தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். மூன்றாவது சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்க வேண்டும். பெற்றவளுக்குப் பிள்ளை கடைசியாகத் தூக்குகிற தண்ணீர் அதுதான்.

தம்பி சின்னப் பையனாக இருந்தபோது தெருக்குழாயிலிருந்து குடம் தூக்குவேன் என்று அடம் பிடிப்பான். வீட்டுக்கு வருவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் இருக்கும். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள். “இப்பவே பாதியக் கொட்டிட்டியேடா, நாளைக்கு எனக்கு எப்படிக் குடம் தூக்குவ?” அவள் சாவைப் பற்றி அப்படித்தான் பேசுவாள், அடுத்த வாரம் சமயபுரம் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வளைகுடாவுக்கு அவன் முதல் தடவை கிளம்பியபோதும் அதையே சொன்னாள். “எங்க வேணா போ, குடம் தூக்க வந்துரு.” அவன் வந்துர்றேம்மா என்றான். வருஷா வருஷம் வரும்போதும் போகும்போதும் இந்தப் பேச்சு உண்டு. வீட்டில் அது ஒரு விளையாட்டு.

அம்மா ஆடி மாதத்தில் ஒரு விடிகாலையில் போய்விட்டாள். தூக்கத்தில் போனாள். தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். அவன் அங்கே பெரிய கட்டடங்களுக்கு ஏசி குழாய் மாட்டுகிற வேலையில் இருக்கிறான். ஏணியில் நின்றுகொண்டு போனை எடுத்திருக்கிறான். சொன்னதும் ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, “அக்கா, நான் வர வரைக்கும் எடுக்காதீங்க. நான்தான் தூக்கணும்,” என்றான். எடுக்க மாட்டோம் என்று சொன்னேன். நானே சொன்னேன், அண்ணனைக் கேட்கக்கூட இல்லை.

அவன் வேலை பார்க்கிற ஊரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் அதுவரை கிடையாது. எங்கேயாவது இறங்கி, பாதி நாள் காத்திருந்து, மாறித்தான் வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து டிராவல்ஸ்காரர் சொன்னார், மறுநாள் நேரடி விமானம் தொடங்குகிறது, முதல் பயணம், மத்தியானம் திருச்சியில் இறங்கிவிடலாம் என்று. அண்ணன் அம்மாவின் தலைமாட்டில் போய், “உன் பிள்ளைக்கு நீயே வழி பண்ணிட்டியேம்மா,” என்று அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃப்ரீசர் பெட்டி வந்தது, அம்மாவை அதில் வைத்தோம், தம்பிக்காகக் காத்திருந்தோம்.

ஒரு சிக்கல் இருந்தது. காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் காவிரியில் தண்ணீர் நிறைத்துக் கரகம் பாலித்து எடுத்து வருகிற நாள். தெருவில் உடல் கிடந்தால் கரகம் உள்ளே வராது. உடல் போன பிறகும் தெரு முழுக்கக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். விழா கமிட்டிப் பிள்ளைகள் நாலு பேர் வந்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் ஒருவன். என்னிடம் படித்தவன். “கரகத்த ஆறு மணிக்குத் தள்ளி வச்சிருக்கோம். நீங்க நாளைக்கு மூணு மணிக்குள்ள எடுத்துட்டீங்கன்னா நாங்க கழுவி விட்டுருவோம். அதுக்கு மேல எங்களால முடியலக்கா.”

அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. தங்கள் அம்மனையே தள்ளி வைத்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளை என்ன சொல்ல முடியும்? மூன்று மணிக்குள் எடுத்துவிடுகிறோம் என்றேன். விமானம் பன்னிரண்டரைக்கு. கையில் ஒரு பை மட்டும்தான் கொண்டு வருகிறான், பெட்டிக்காக நிற்க வேண்டாம். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆண்கள் எல்லாரும் அங்கே தேவைப்பட்டார்கள். தம்பியின் மனைவி அம்மாவின் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்றாள். அதனால் அவனை அழைத்துவர விமான நிலையத்துக்கு நான் கிளம்பினேன். குளிக்காத உடம்பு, சீவாத தலை, முந்தின நாள் புடவை. அப்படியே போய் வாடகைக் காரில் இறங்கினேன்.

வாசலில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் யாரோ கல்யாணக் கோஷ்டி என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் விமான நிறுவனத்தின் பேனர், பலூன், வாழை மரம். பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் தட்டில் சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து பன்னீர்ச் செம்பை என் தலைக்கு மேல் ஆட்டினாள். முகத்தில் தெறித்தது. செத்த வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபுரத்தைச் சுவர் முழுக்க வரைந்து வைத்திருக்கிற அந்தப் புது டெர்மினலின் ஓரமாகப் போய் நின்றேன். தவில்காரர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கோலத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது போல. கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கிவிட்டது. தம்பி போன் செய்தான்.

“அக்கா, இறங்கிட்டோம்க்கா.”

“ஓடி வாடா. கார் வாசல்லயே நிக்குது.”

“கதவு தொறந்ததும் வந்துர்றேன்.”

அப்பாடா என்று இருந்தது. அண்ணனுக்குச் சொன்னேன். சங்கு ஊதுகிற சத்தம் போனில் கேட்டது. நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, அம்மாவைக் குளிப்பாட்டிப் புதுப் புடவை கட்டிவிட்டார்கள். பிள்ளை வர வேண்டியதுதான் பாக்கி.

ரொம்ப நேரம் ஆகியும் அவன் வரவில்லை. மறுபடியும் போன்.

“அக்கா, அங்க மழையா?”

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மேகம் கிடையாது. ஆடி வெயில், அதோடு சேர்ந்த காற்று. பலூன்களைக் கட்டிய கயிறு அறுந்துவிடும் போல அடித்துக்கொண்டிருந்தது.

“இல்லையே. ஏன்?”

“ஜன்னல்ல தண்ணியா ஊத்துது. பக்கத்துல இருக்கிறவரு ஆடியில மழை பெஞ்சா நல்ல சகுனம்ங்கிறாரு. வண்டி நகரவே மாட்டேங்குதுக்கா.”

வாசலுக்கு எதிரே ஒரு பெரிய திரை வைத்து உள்ளே நடக்கிற விழாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. அதில்தான் பார்த்தேன். தூரத்தில் விமானம் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டி. தண்ணீர் மேலே போகிறது, காற்று அதைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, வளைவு உடைகிறது. தண்ணீர் விமானத்தின் ஜன்னல்கள் மேலும் கோட்டு போட்ட விருந்தினர்கள் மேலும் போய் விழுகிறது. எல்லாரும் ஹோவென்று சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வண்டிகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறார்கள். மறுபடியும் பீய்ச்சுகிறார்கள். மறுபடியும் காற்று.

ஆடியில் திருச்சியில் வந்து தண்ணீரை வளைவாக நிறுத்த ஆசைப்பட்டவன் எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் ஆடி மாதம் மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கிளிப் போட்ட போர்வையே பக்கத்துத் தெருவில் போய்க் கிடக்கும். காற்று அடங்கட்டும், படம் நன்றாக வர வேண்டும் என்று விமானத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஆள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, “சூப்பரா இருக்குல்ல?” என்று என்னைக் கேட்டான். நான் பார்த்த பார்வையில் அவன் அடுத்த தூணுக்குப் போய்விட்டான்.

ஒரு வழியாக வளைவு நின்றது. விமானம் அதற்கு அடியில் வந்தது. அந்த அழகான காட்சிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் பெற்றவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க வந்தவன். அவன் உட்கார்ந்திருந்த வண்டிக்கு இவர்கள் லாரி லாரியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கதவு அப்போதும் திறக்கவில்லை. ரிப்பன் வெட்டச் சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லையாம். நான் வாசலில் நின்ற காவலரிடம் போய்ச் சொன்னேன். வடநாட்டுக்காரர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மதர் டெட், பிரதர் இன்சைட் என்றேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. அவருடைய அதிகாரி யாரிடமோ போனில் பேசினார். உள்ளே நிகழ்ச்சி முடியாமல் ஒன்றும் செய்ய முடியாது, அது விமானக் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு என்று கையை விரித்தார். காவலர் எனக்கு உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

அண்ணன் போன் செய்தார். “என்னம்மா ஆச்சு?”

“தண்ணி அடிச்சு விளையாடுறாங்கண்ணே.”

“என்னது?”

எப்படிச் சொல்வது? எதைச் சொன்னாலும் அவருக்குப் புரிகிற மாதிரி இல்லை. மூன்று மணியாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள், ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றார்கள் என்றார் அண்ணன். எடுக்கிறேன், கொள்ளிடக் கரைச் சுடுகாட்டில் போய்க் காத்திருக்கிறேன், நீ அவனை நேராக அங்கே கொண்டுவந்துவிடு என்றார். சரி என்றேன். அம்மா வீட்டை விட்டுப் போன நேரத்தில் என் காதில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தம்பி வெளியே வந்தபோது நெற்றியில் சந்தனம், கையில் ரோஜாப்பூ. ஓடி வந்தான். அவன் அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. காரில் ஏறி டிவிஎஸ் டோல்கேட் தாண்டிய பிறகுதான் அந்தப் பூ இன்னும் அவன் கையில் இருப்பதைப் பார்த்தேன். பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். தலைப்பை எச்சில் தொட்டு அவன் நெற்றியைத் துடைத்தேன், சின்ன வயதில் துடைத்த மாதிரி. அவன் பேசாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“ஏர் ஹோஸ்டஸ்கிட்ட சொன்னேன்க்கா,” என்றான். “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. என்னை முன்னாடி கொண்டாந்து கதவுகிட்ட நிக்க வச்சுச்சு. கதவு தொறந்துச்சு, படிக்கட்டு இருக்கு. எறங்கப் போனேன். கோட்டு போட்ட ஒருத்தர் கையக் குறுக்க நீட்டிட்டாரு. முதல்ல எறங்குறது கைக்குழந்தையோட ஒரு குடும்பமாம், அவங்களுக்குத்தான் பொக்கேயாம். அந்தக் குழந்தை தூங்கிருச்சு, எழுப்பிட்டு இருக்காங்க, ஓரமா நில்லுங்கன்னாரு.”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன்க்கா. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். எங்கம்மா செத்துக் கிடக்கு, நான்தான் குடம் தூக்கணும், விடுங்க சார்ன்னு. அவரு அஞ்சே நிமிஷம்னாரு. அப்புறம் கேக்கு வெட்டினாங்க. இமிகிரேஷன்ல சொன்னதும் அவங்க உடனே விட்டுட்டாங்க, வரிசையில நின்னவங்களும் ஒதுங்கிட்டாங்க. அந்த ஆளுதான்க்கா விடல.”

பாலக்கரையில் நின்றோம். சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசலில் நின்றோம். காவிரிப் பாலத்தில் ஆடிக் கூட்டம். கீழே ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரகத்துக்குப் படித்துறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கொள்ளிடக் கரைக்கு நானும் போனேன். பெண் வரக்கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். அந்தத் தலையைப் பார்த்ததும் தம்பிக்குப் புரிந்துவிட்டது. கொள்ளி வைக்கிறவன்தானே மொட்டை போடுவான். அவர் காலடியில் உடைந்த மண்குடத்தின் ஓடுகள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

“இப்பத்தான்டா,” என்றார் அண்ணன். “இப்பத்தான் உள்ள தள்ளுனாங்க.”

அது எரிவாயுவில் எரிக்கிற தகன மேடை. ஒருவர் முடிந்துதான் அடுத்தவர். எங்கள் முறை வந்தபோது தம்பி வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம், முன்பின் தெரியாதவர்கள், தாடி வைத்த ஒரு பெரியவரைக் கொண்டு வந்திருந்தார்களாம். பிள்ளை வர வேண்டியிருக்கிறது என்று கேட்டதும், நாங்கள் முன்னால் போய்க்கொள்கிறோம், நீங்கள் காத்திருங்கள் என்று அவர்களாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முடித்த பிறகும் நானும் தம்பியும் பாலத்தில்தான் நின்றோம். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வேலையாட்கள் அண்ணனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் தாங்காது சார் என்றார்கள். அவர் குடத்தைத் தூக்கினார்.

பிணத்தோடு வந்தவர்கள் எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். கேக்கோடு வந்தவர்களிடம் நேரம் இல்லை. 

தம்பி உள்ளே ஓடினான். இரும்புக் கதவு மூடியிருந்தது. அதில் கையை வைத்தான். “சூடா இருக்குங்க, தள்ளி வாங்க,” என்று வேலையாள் அவனைத் தோளைப் பிடித்து இழுத்தார். தம்பி சத்தம் போட்டு அழவில்லை. வெளியே வந்து குந்தி உட்கார்ந்து, குடத்தின் ஓடுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிக் கையில் அடுக்கினான். அதைத் தொடக்கூடாது என்பார்கள். யாரும் தடுக்கவில்லை. பிறகு நாவிதரிடம் போய், “எனக்கும் எடுத்துருங்க,” என்று தலையைக் குனிந்தான்.

அன்று சாயங்காலம் கரகம் எங்கள் தெருவழியாக வந்தது. பிள்ளைகள் தெருவை நன்றாகக் கழுவி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் உள்ளே இருந்தோம். உடுக்கைச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்தபோது அடங்கி, தாண்டிப் போன பிறகுதான் மறுபடியும் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் கோபமும் ஒரு நாள் ஆறியிருக்கலாம். கருமாதிக்குச் சாமான் வாங்க நான் மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போனேன். வேட்டி, துண்டு, பித்தளைச் சொம்பு எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காகச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்தேன். எதிரே ஒரு கட்டடத்தின் மேல் புதிதாகப் பெரிய விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள். சும்மா நிமிர்ந்து பார்த்தேன். தம்பி நின்றுகொண்டிருந்தான்.

விமானத்தின் கதவு, படிக்கட்டு, அதில் தம்பி. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருக்கிறான். கண் கலங்கியிருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அவனுக்குப் பின்னால் தண்ணீர் வளைவை ஒட்டவைத்திருந்தார்கள். எதிரே கையை நீட்டித் தடுத்த ஆளை வெட்டி எடுத்துவிட்டார்கள். கீழே பெரிய எழுத்தில், மகிழ்ச்சியோடு வீடு திரும்புங்கள்.

பைகளைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பஸ் வந்தது, போனது. பூக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தலை சுத்துதா?” என்று கேட்டாள். அந்தப் படத்தைக் காட்டி, “அது என் தம்பி,” என்றேன். “அப்படியா, ரொம்பக் கொடுத்து வச்சவங்கம்மா நீங்க,” என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். என் தம்பி உங்கள் விளம்பரத்தில் இருக்கிறான் என்று தொடங்கினேன். “வாழ்த்துகள் மேம்!” என்றாள். நான் கத்திய கத்தலில் அவள் இன்னொருவரிடம் கொடுத்தாள். அவர் பொறுமையாகப் பேசினார்.

“அவர் முகத்துல ஒரு ஃபீலிங் இருந்துச்சு மேடம். பாத்தவங்க எல்லாருமே அசந்துட்டாங்க. அதான் அந்தப் படத்தையே எடுத்தோம்.”

“அது என்ன ஃபீலிங்னு உங்களுக்குத் தெரியுமா?”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், குடத்திலிருந்து கதவு வரைக்கும்.  பிறகு, “சாரி மேடம். மேல பேசிட்டுச் சொல்றேன்,” என்றார். சொல்லவில்லை. நான் தினமும் கூப்பிட்டேன். தினமும் ஒவ்வொரு குரல் சாரி சொன்னது. பலகை அங்கேயேதான் இருந்தது.

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அவன் வளைகுடாவுக்குத் திரும்புகிற நாளில் கார் டிரைவரிடம் முன்னாலேயே, “சத்திரம் பக்கம் வேண்டாம்ண்ணே, வேற வழியாப் போயிருங்க,” என்று சொல்லி வைத்தேன். அவரும் சரி என்றார். பாலம் தாண்டியதும் அந்த வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி சத்திரத்துக்கே வந்து, சிக்னலில் அந்தப் பலகைக்கு நேர் எதிரே நின்றது.

தம்பி பார்த்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அரிசி நீளம் முடி முளைத்த தலையோடு அவன் ஜன்னலுக்கு வெளியே நிமிர்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இருந்தவனுக்குத் தலை நிறைய முடி.

“அக்கா, இதுல நான் யாரப் பாத்துக் கும்பிடுறேன்னு தெரியலல்ல?”

“தெரியல. அந்த ஆள வெட்டிட்டானுங்க.”

மறுபடியும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். பிறகு, “அப்ப அம்மாவப் பாத்துக் கும்பிடுறேன்னு வச்சுக்குவோம்க்கா,” என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயற்சி செய்தான். அவன் அப்படிப்பட்டவன், எதையாவது சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வான். ஏணியில் நிற்கிற வேலையில் கோபத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. அவனுக்கு அது வேண்டும்தான். எனக்குத் தெரியும்.

“நீ வச்சுக்கடா,” என்றேன். “நான் வச்சுக்க மாட்டேன். நீ ஒரு குடம் தண்ணி தூக்கணும்னு கெஞ்சின. விடல. நான் அப்படியேதான் வச்சுக்குவேன்.”

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் வண்டியை எடுத்தார்.